ஞ் இல்லை, ச்

பிப்ரவரி 3, செவ்வாய்

மாதவிலக்குத் தேதியைக் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதற்குத்தான் இந்த டைரி. பொங்கலுக்கு நூல் மில்காரர் கொடுத்தது, பீரோ மேல் தூசியோடு கிடந்தது. தேதியை மட்டும் குறித்தால் பக்கத்துக்கு ஒரு வரிதான் ஆகும். மீதிக் காகிதம் வீண். வீண் எனக்கு ஆகாது. எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய குழந்தைத் துணிகளை லாட்டாக எடுத்துத் தரம் பிரித்து விற்றுத்தான் திருப்பூரில் பிழைக்கிறேன். மிச்சம்தான் என் சோறு. ஆகவே மிச்ச இடத்தில் மற்றதை எழுதுகிறேன்.

பிள்ளை பெற்றுக்கொள்வது என்று முடிவு செய்தது நானும் என் வீட்டுக்காரர் சிவராசுவும். டாக்டரிடம் போனது மூன்று பேர். பேசியது மூன்றாவது ஆள், அவருடைய அம்மா.

இதற்கு முன்னால் உண்டாகியிருக்கிறீர்களா என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அத்தை முந்திக்கொண்டார். “உண்டாச்சுங். ரெண்டு வருசமாச்சு. மூட்டை தூக்கிக் கலைஞ்சுருச்சு.” எந்த ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள் என்று அடுத்த கேள்வி. “ஆஸ்பத்திரி எதுக்குங், ஊட்டோட ஆயிருச்சு.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் கர்ப்பப்பையைப் பார்த்தேன். சிவராசு மின்விசிறியைப் பார்த்தார்.

எனக்கு நெகட்டிவ் வகை ரத்தம். அதைக் கண்டதும் டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, அந்தச் சமயத்தில் ஏதாவது ஊசி போட்டார்களா என்று கேட்டார். தெரியாது என்றேன். கடையில் ஒரு நாளும் நான் தெரியாது என்று சொன்னதில்லை.

பிப்ரவரி 4, புதன்

மில்லுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன்.

உட்காருவதற்கு முன்பே சொன்னேன். “டாக்டர், நேத்து சொன்னது தப்பு. அதுவாக் கலையல. நாந்தான் வேண்டாம்னு கலைச்சேன். கோயமுத்தூர்ல, ஆஸ்பத்திரியில, கையெழுத்துப் போட்டு.”

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. உட்காரச் சொன்னார். நெகட்டிவ் ரத்தக்காரியின் வயிற்றில் பாசிட்டிவ் பிள்ளை தங்கிப் போனால், தாயின் உடம்பு அந்த ரத்தத்தை எதிரியாக நினைத்து வைத்துக்கொள்ளுமாம். அடுத்த பிள்ளை வரும்போது சண்டைக்கு நிற்குமாம். அதைத் தடுக்கத்தான் அந்த ஊசி. தானாகப் போனாலும் நாமாக எடுத்தாலும் போட வேண்டியதுதான். “நீங்க எதுக்குப் பண்ணீங்கன்னு எனக்கு வேண்டாம்மா. என்ன நடந்துச்சுன்னு மட்டும் சரியா வேணும்” என்றார்.

கோவையில் ஊசி போட்டார்களா என்று விசாரிக்க வேண்டும். ரத்தத்தில் சண்டைக்காரன் இருக்கிறானா என்று பார்க்க ஒரு சோதனை. ஃபோலிக் ஆசிட் மாத்திரை இன்றிலிருந்தே, தினமும். ரூபெல்லா தடுப்பூசி ஒன்று. அதைப் போட்டால் ஒரு மாதம் பிள்ளை தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரரின் புகையிலைப் பாக்கு உடனே நிற்க வேண்டும்.

கிளம்பும்போது ஒன்று கேட்டேன். கலைத்ததால் இனி நிற்காமல் போய்விடுமா? முறையாகச் செய்திருந்தால் அதனால் பாதகம் வருவது அபூர்வம் என்றார்.

வெளியே வந்து இளநீர் குடித்தேன். அது போதவில்லை, இன்னொன்று குடித்தேன். வெயில்.

பிப்ரவரி 6, வெள்ளி

சிவராசுவின் சட்டைப் பையில் பாக்குப் பொட்டலம். வாஷிங் மெஷினுக்குள் போட்டேன். சட்டையோடு.

பிப்ரவரி 10, செவ்வாய்

மாதவிலக்கு. குறித்தாயிற்று.

பெருந்துறை ரோட்டுக் கம்பெனியிலிருந்து லாட் வந்தது. லாட் என்றால் மொத்தமாக எடுக்க வேண்டும், பொறுக்கு கிடையாது. உள்ளே தங்கமும் இருக்கும், ஓட்டையும் இருக்கும். பிரித்த பிறகு மற்ற வியாபாரிகள் நல்ல பீஸை மேலே வைத்து ஓட்டைப் பீஸை அடியில் சொருகுவார்கள். நான் ஓட்டையை மேலே வைப்பேன். வாங்குகிறவன் முதலில் பார்ப்பது அதைத்தான். முகம் சுளிப்பான், அப்புறம் அடியில் எடுத்துப் பார்ப்பான், அப்புறம் வேறு கடைக்குப் போகமாட்டான். நான் ஆளானது இந்த ஒரு வித்தையில்.

பிறந்த குழந்தை சைஸ் இரண்டு மூட்டை. அதை மாராத்தாள்தான் பிரிப்பாள், கடை வைப்பதற்கு முன்பிருந்தே என்னோடு இருப்பவள். பட்டன் பொடிசாக இருக்கிறது, என் கண்ணுக்கு ஆவதில்லை.

அத்தை இன்றும் உப்பில்லாச் சோறு. செவ்வாய் தோறும் இப்படித்தான். ரத்தக் கொதிப்பு என்கிறார். கொதிப்பு செவ்வாய்க்கிழமை மட்டும் வருமா என்று கேட்டேன். பாக்கை விட்டதால் வாய் ஊறுகிறது, எள்ளுருண்டை பிடித்துக் கொடு அம்மா என்று சிவராசு கெஞ்சினார். பல்லுக்கு ஆகாது என்று அத்தை எழுந்துபோய்விட்டார். யார் பல்லுக்கு என்று தெரியவில்லை. சென்னிமலைப் பக்கத்து ஊரில் தனியாக இருந்தபோது இவர் பிடிக்கிற எள்ளுருண்டைக்குப் பேர் உண்டு. தூக்குவாளி நிறைய எங்களுக்கு வந்துகொண்டிருந்தது. இங்கே வந்து சேர்ந்ததிலிருந்து வீட்டில் எள் வாங்குவதே இல்லை. வயசானால் ஆளுக்கு ஒரு கிறுக்கு.

பிப்ரவரி 14, சனி

கோவை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். பெயரைச் சொன்னதும், எந்த வருடம் என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கச் சொன்னாள் ஒரு பெண். காத்திருந்த நேரத்தில் ஒரு வியாபாரி வந்து கவுன் விலை கேட்டார். இரண்டு மடங்கு சொல்லிவிட்டேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஊசி போட்டிருக்கிறார்கள்.

எதற்கு என்று எனக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை, அல்லது சொன்னது காதில் விழவில்லை. மேற்கூரையில் ஒரு பல்லி இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

பிப்ரவரி 20, வெள்ளி

சோதனை முடிவு வந்தது. ரத்தத்தில் சண்டைக்காரன் யாரும் இல்லை. தைராய்டு சரி, சர்க்கரை சரி. ரத்தம்தான் கொஞ்சம் குறைவு. இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம். டீயோடு மாத்திரையை விழுங்கப் போனேன், டீ இரும்பைப் பிடுங்கிக்கொள்ளும் என்று மாராத்தாள் தட்டிவிட்டாள். அவள் மகள் சொன்னதாம். தடுப்பூசியும் போட்டாயிற்று.

மூட்டை தூக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டிருந்தேன். பெரிய மூட்டையை ஆள் வைத்துத் தூக்குங்கள், கடையில் நிற்பதும் பிரிப்பதும் தாராளமாகச் செய்யலாம், இடையில் உட்காருங்கள் என்றார். இதை வீட்டில் சொன்னேன். “டாக்டருக்கென்ன, அவங்க மூட்டை தூக்கறாங்களா” என்றார் அத்தை.

மார்ச் 1, ஞாயிறு

அத்தையின் அண்ணன் நாச்சிமுத்து மாமா வந்திருந்தார். வெறுங்கையோடு வருகிறவர் அல்ல. இன்று ஒரு தார் வாழைப்பழமும் ஒரு யோசனையும் கொண்டுவந்தார். பழத்தை முதலில் இறக்கினார்.

யோசனை இது. ஒரு முறை மூட்டை தூக்கிக் கலைந்துவிட்டது. இன்னொரு முறை அப்படி ஆகக்கூடாது. ஆகவே பிள்ளை தங்கும் முன்பே நான் கடையை விட்டு வீட்டில் உட்கார வேண்டும். கடையை அவர் மகன் லோகேஷ் பார்த்துக்கொள்வான். அவன் இதுவரை பார்த்துக்கொண்ட மூன்று தொழிலும் இன்று எங்கே இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது.

எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் என்றார். பெயர்ப்பலகையை மாற்ற வேண்டியதில்லையாம், என் பெயரே இருக்கட்டுமாம், சாவி மட்டும் போதுமாம். சாவி போன கடைக்குப் பெயர் எதற்கு?

அத்தை தலையாட்டிக்கொண்டே இருந்தார். சிவராசு வாழைப்பழம் உரித்தார். ஒன்றல்ல, நாலு. அடுத்த ஞாயிறு வந்து சாவி வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார் மாமா.

மார்ச் 2, திங்கள்

கடை சாத்திவிட்டு வரும் வழியில் ஸ்கூட்டரை நிறுத்தச் சொல்லி, ரோட்டோரமாக நின்று சிவராசுவிடம் கேட்டேன். உங்கள் அம்மாவிடம் அன்றைக்கு என்னதான் சொன்னீர்கள்?

நடந்தது இதுதான், இங்கேயும் நேராக எழுதிவிடுகிறேன். கடைக்கு முன்பணம் கட்டிய மாதம். அவர் கட்டிங் மாஸ்டராக இருந்த கம்பெனி மூடிய மாதம். பாதுகாப்பாக இருந்தும் தங்கிவிட்டது. எனக்கு அப்போது பிள்ளை வேண்டாம். இருவரும் பேசினோம், நான் முடிவு செய்தேன், அவர் கூட வந்தார். அழவில்லை. மறுநாளே கடைக்குப் பெயிண்ட் அடித்தேன், நீல நிறம். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று ஊருக்குப் போன் செய்தார். சும்மா இருந்திருக்கலாம், ஆனால் அவருக்கு அம்மாவிடம் எதுவும் நிற்காது. “கலைச்சுட்டோம்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். கலைஞ்சுருச்சுன்னு வந்துருச்சு, கோகிலா.”

“ஒரு எழுத்து.”

“ஒரு எழுத்துத்தான்” என்றார், ஏதோ தள்ளுபடி கேட்பதுபோல.

அந்த ஒரு எழுத்தில்தான் நாச்சிமுத்து மாமா கடைக்குள் கால் வைக்கப் பார்க்கிறார் என்றேன். கலைஞ்சது என்றால் யாரோ காரணம், எதுவோ காரணம். மூட்டை காரணம், கடை காரணம், அடங்காத பொம்பளை காரணம். கலைச்சேன் என்றால் காரணம் நான் ஒருத்திதான், அதோடு கணக்கு முடிந்தது.

“மூட்டையச் சொன்னது நானில்ல” என்றார் அவர் மெதுவாக.

வாஸ்தவம். அத்தை மறுவாரம் பையோடு வந்து இறங்கி, மூட்டை கீட்டை தூக்கினியா அம்மிணி என்று கேட்டபோது ஆமாங்க என்றது நான்தான். அந்த நேரத்துக்கு அது சௌகரியமாக இருந்தது. வந்தவர் திரும்பிப் போகவே இல்லை, என்னைக் கண்காணிக்க இங்கேயே தங்கிவிட்டார்.

ஊருக்கெல்லாம் ஓட்டையை மேலே வைத்துக் காட்டுகிறவள். இது ஓட்டைகூட இல்லை. இதை ஏன் அடியில் வைத்தேன்?

மார்ச் 5, வியாழன்

சொல்லத்தான் வேண்டுமா, கடையைத் தரமாட்டேன் என்று சண்டை போட்டால் போதாதா என்று சிவராசு. இன்று சாவி, நாளைக்குத் தலைவலி வந்தாலும் கடைதான் காரணம், பிள்ளை பிறந்து இருமினாலும் கடைதான் காரணம் என்றேன். என்னை லாட்டாக எடுத்தீர்கள், பொறுக்கு கிடையாது என்றேன். சிரித்தார். அப்புறம் வெகுநேரம் சிரிக்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மாமா வந்தார். லோகேஷும் வந்தான். கையில் புதுச் சாவிக்கொத்து வளையம், காலியாக. அதை விரலில் சுற்றிக்கொண்டே உட்கார்ந்தான்.

காபி கொடுத்தேன். கடை எங்கேயும் போகவில்லை, நானும் எங்கேயும் போகவில்லை, பெரிய மூட்டைக்கு ஆள் போட்டிருக்கிறேன், டாக்டர் சொன்னபடி எல்லாம் நடக்கிறது என்று பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். மாமா காபியை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஒண்ணைக் கடைக்குக் காவு குடுத்தாச்சு. ரெண்டாவதையும் குடுக்கோணுமா அம்மிணி?”

“கடை ஒண்ணையும் வாங்கலைங் மாமா. அது கலையல. நான் கலைச்சேன்.”

“அதைத்தானே நானும் சொல்றேன், கலைஞ்சுது...”

“ஞ் இல்லைங் மாமா. ச்.”

லோகேஷின் விரலில் வளையம் நின்றது. மாமா எழுத்துக்கூட்டிப் பார்ப்பதுபோல் உதட்டை அசைத்தார். அவருக்குப் புரிந்த நொடியை நான் பார்த்தேன். தாலி கட்டியவனுக்குத் தெரியாமல் இப்படியொரு காரியம் செய்திருக்கிறாளே என்று தங்கையைப் பார்த்துச் சத்தம் போட ஆரம்பித்தார். அதற்குள் சமையலறை வாசலிலிருந்து குரல் வந்தது.

“கலைச்சோம், மாமா.”

சிவராசு. கையில் தோல் உரித்த பூண்டு. முகம் வெளுத்திருந்தது, ஆனால் வார்த்தை சரியாக வந்தது. கையெழுத்துப் போட்டது நான் ஒருத்திதான். இருந்தாலும் அந்த ‘ஓம்’ எனக்கு வேண்டியிருந்தது. வாங்கிக்கொண்டேன்.

மாமா பாவம் என்றார், குலம் என்றார், கொடுமுடிக்குப் போய்ப் பரிகாரம் பண்ணாமல் இந்த வீட்டில் தொட்டில் ஆடாது என்றார். பரிகாரம் தப்புக்குத்தானுங்களே, இது தப்பில்லை என்றேன். அவர் எழுந்துவிட்டார். வாழைப்பழம் கொண்டுவந்த பையை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் ஒரே கேள்விதான் கேட்டார். “அப்ப மூட்டை?”

“தூக்கினேனுங்க. அதனால இல்லை.”

உள்ளே போய்ப் பையில் சேலைகளை வைத்துக்கொண்டு வந்து, அண்ணன் காரிலேயே ஏறி ஊருக்குப் போய்விட்டார்.

கடைச் சாவி என் இடுப்பில் இருக்கிறது. ஜெயித்துவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

வீடு பெரிதாகத் தெரிகிறது. நல்லது.

மார்ச் 10, செவ்வாய்

மாதவிலக்கு. குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். செவ்வாய் என்றால் கை அப்படிப் பழகிவிட்டது. இருவரும் அப்படியே சாப்பிட்டோம்.

மார்ச் 17, செவ்வாய்

சொந்தக்காரர்கள் மூன்று வீட்டுக் கல்யாணப் பத்திரிகை எங்களுக்கு வரவில்லை. மொய் மிச்சம். சிவராசு தினமும் ஊருக்குப் போன் செய்கிறார், மணி அடித்து அடித்து நிற்கிறது. சரியாகச் சொன்னதற்கு இதுதான் கூலி என்றால் கட்டிக்கொள்கிறேன், ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கமாட்டேன்.

மாராத்தாளுக்குச் சளி. பிறந்த குழந்தை சைஸ் மூட்டையை நானே பிரித்தேன். பட்டன் அப்படியொன்றும் பொடிசாக இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

மதியம் கடையில் இருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது, நிமிர்ந்தால் அத்தை. தோளில் அதே பை. பஸ்ஸில் வந்திருக்கிறார், சேலையெல்லாம் கசங்கி, முகமெல்லாம் தூசி. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மாராத்தாள் நிலைமையைப் பார்த்துவிட்டுத் தராசைத் துடைக்கப் போனாள். ஏற்கெனவே துடைத்த தராசு.

“ஒண்ணு கேக்கோணும். பொய் சொல்லாமச் சொல்லு.”

“கேளுங்க அத்தை.”

“அப்ப எள்ளுருண்டையினால இல்லையா?”

எனக்குப் புரியவில்லை. எந்த எள்ளுருண்டை என்றேன்.

அந்த ஆடியில் அவர் கொடுத்துவிட்ட தூக்குவாளி. நான் உண்டாகியிருப்பது தெரியாமல் பிடித்த எள்ளுருண்டை. எள் சூடு, பிள்ளைத்தாய்ச்சி தின்றால் கருவை இறக்கிவிடும் என்று அவர்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தூக்குவாளி வந்த மறுவாரம் சிவராசுவின் போன். உண்டாகியிருந்தாள் அம்மா, கலைஞ்சுருச்சு. அதற்கடுத்த வாரமே பையை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்தவர்தான். மூட்டை தூக்கினியா என்று கேட்டதும் நான் ஆமாம் என்றதும் அவருக்குக் கொழுகொம்பு மாதிரி ஆகிவிட்டது. ஊருக்கெல்லாம் மூட்டை மூட்டை என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். சொல்லச் சொல்ல நிஜமாகிவிடும் என்று பார்த்திருக்கிறார், ஆகவில்லை. எள்ளை வீட்டுக்குள் விடவில்லை. செவ்வாய்க்குச் செவ்வாய் உப்பை விட்டுவிட்டார். ரத்தக் கொதிப்பெல்லாம் இல்லை.

“ரெண்டு வருசம் உப்பில்லாமத் தின்னேண்டி” என்றார். குரல் கடைக்கு வெளியே வரை கேட்டது. “என்ற கையால என்ற பேரப்புள்ளையைக் கொன்னுட்டனேன்னு. நீ பாட்டுக்கு எதுத்தாப்பல உக்காந்து ஊறுகாயத் தொட்டுத் தின்னுட்டிருந்தே.”

நான் என்ன சொல்வது? கலைத்ததற்கு வருத்தமா என்று கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன், இன்றும் சொல்வேன். அவர் அதைக் கேட்கவில்லையே.

“உங்க எள்ளுருண்டையினால ஒண்ணும் ஆகலைங்க அத்தை.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அப்புறம் அவர் உட்கார்ந்தார். ஸ்டூலில் அல்ல, துணி மூட்டை மேல். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், தொடவில்லை. தொட்டால் தட்டிவிடுவார் என்று தெரியும். மூடிய முகத்தோடே, “நீ பண்ணுனது எனக்குப் புடிக்கலை” என்றார். தெரியுங்க என்றேன். “நாச்சிமுத்து பையனுக்குச் சாவியக் குடுத்தீன்னா கொன்னுபோடுவேன்” என்றார். அதுவும் தெரியுங்க என்றேன்.

மாராத்தாள் பார்சல் சாப்பாடு வாங்கி வந்தாள். அத்தை பிரித்துப் பார்த்தார், உப்புப் பொட்டலம் தனியாக இருந்தது. சாம்பாரில் இருந்த உப்பு போதாதென்று அதையும் பிரித்துக் கொட்டிச் சாப்பிட்டார்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்த ஆடியில் வந்த எள்ளுருண்டையை நான் வாயில் வைக்கவே இல்லை. வாந்தி வாந்தியாக வந்த நேரம். தூக்குவாளியோடு மாராத்தாளுக்குத்தான் கொடுத்தேன், அவள் பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள். மாராத்தாள் தராசுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

எல்லாவற்றையும் மேலே வைக்க முடியாது.

ஏப்ரல் 13, திங்கள்

தடுப்பூசிக்குச் சொன்ன மாதம் போன மாதமே முடிந்தது. முயற்சி ஆரம்பித்தோம். இன்று மாதவிலக்கு.

கடையிலிருந்து வந்தபோது சாப்பாட்டு மேசைமேல் ஒரு தட்டு, அதில் இரண்டு எள்ளுருண்டை. போன மாதம் பையோடு வந்த அத்தை இங்கேயே தங்கிவிட்டார். இந்த நாட்களில் தின்றால் பாதகமில்லை என்பது அவர் கணக்கு. தின்றேன். வெல்லம் கொஞ்சம் தூக்கல்.

மே 12, செவ்வாய்

மாதவிலக்கு. தட்டில் மூன்று.

நாச்சிமுத்து மாமா வேறொருவர் மூலம் சொல்லியனுப்பியிருக்கிறார், பரிகாரம் பண்ணாததால்தான் தங்கவில்லை என்று. முயற்சி ஆரம்பித்து இன்னும் சித்திரை வைகாசிகூட முழுசாகப் போகவில்லை. ஒரு வருடம் வரை கவலைப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருக்கிறார். ஆள் மூலமே பதில் அனுப்பினேன்: பழத்துக்கு நன்றி, பை பத்திரமா?

ஜூன் 10, புதன்

மாதவிலக்கு. தட்டில் நாலு. பக்கத்தில் அத்தையும் உட்கார்ந்துகொண்டார், டிவியைப் பார்த்தபடி. நான் இரண்டு தின்றேன். மீதி இரண்டையும் என் பக்கம் நகர்த்தினார். எதற்கு அழுகை என்று கேட்டார். அழவில்லை, எள் பல்லில் மாட்டிக்கொண்டது என்றேன். “ஆமா, எள்ளு அப்படித்தான் மாட்டும்” என்றார்.

ஜூன் 22, திங்கள்

ரத்தம் பதினொன்றரைக்கு ஏறியிருக்கிறது. முருங்கை மரத்தில் இனி இலை இல்லை. சிவராசு பாக்கை விட்டு இன்றோடு எத்தனை நாள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். மூட்டை தூக்க வைத்த ஆள் வரவில்லை. அவரே லீவு போட்டுவிட்டு வந்து தூக்கினார். மார்க்கெட்டே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும்.

ஜூலை 12, ஞாயிறு

குறிக்க ஒன்றும் இல்லை.

காலையில் அத்தை ஸ்டூல் போட்டு ஏறினார். விழுந்துவிடப் போகிறீர்கள், என்ன வேண்டும் என்று கேட்டேன். வேண்டியது ஒன்றுமில்லை என்றார். எள்ளுருண்டை டப்பா பரண் மேல் ஏறிவிட்டது. பின்னால் தள்ளி, முன்னால் பழைய குக்கரை வைத்து மறைத்துவிட்டு இறங்கினார்.

நான் இன்னும் சிவராசுவிடமே ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜூலை 16, வியாழன்

இரண்டு கோடு.

ஜூலை 28, செவ்வாய்

டாக்டரிடம் முதல் செக்கப். கூட வருவது நானா அம்மாவா என்று சிவராசு கேட்டு முடிப்பதற்குள் அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

டாக்டரைப் பார்க்கும் முன் வராந்தாவில் ஒரு நர்ஸ் உட்கார்ந்து விவரம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். சின்னப் பெண், குனிந்த தலை நிமிராமல் கேட்கிறாள். பெஞ்சு முழுக்கக் கூட்டம். பெயர் சொன்னேன், வயது சொன்னேன், நெகட்டிவ் ரத்தம் என்று சொன்னேன்.

“தலைச்சனுங்களாக்கா?”

இரண்டாவது தடவை என்று சொல்ல வாயெடுத்தேன். முழங்கையில் ஒரு இடி. அத்தை என்னை நகர்த்திவிட்டு முன்னால் போய் நின்றார். போச்சு, மறுபடியும் ஆரம்பிக்கப் போகிறார் என்று நினைத்தேன். மூட்டை என்று வாயெடுத்தால் அங்கேயே மறுத்துவிடுவது என்று முடிவும் செய்தேன், கூட்டமாவது ஒன்றாவது.

“இல்ல கண்ணு, இது ரெண்டாவது” என்றார். “மொதல்ல ஒண்ணு உண்டாச்சு. அப்ப வேண்டாம்னு இவளே கலைச்சா.”

நர்ஸ் எழுதிக்கொண்டே, “கலைஞ்சுது...” என்று முணுமுணுத்தாள்.

“கலைச்சா. ச் போட்டு எழுது அம்மிணி. கலைஞ்சதுன்னு எழுதுனா டாக்டருக்கு ஒண்ணும் வெளங்காது. அப்புறம் ஊசியும் போட்டாங்க, அதையும் எழுது. கோயமுத்தூர்ல.”

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள். அத்தை திரும்பினார்.

“என்ன பாக்கறீங்க? உங்க டோக்கன் வந்துருச்சான்னு பாருங்க.”

உள்ளே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. நாள் கணக்குச் சரி, துடிப்பு தெரிகிறது, அந்த ஊசி ஏழாம் மாதம் ஒருமுறை போட வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அத்தை என்னைத் திட்ட ஆரம்பித்தார். காலையில் சரியாகச் சாப்பிடவில்லையாம், ஹீல்ஸ் செருப்பு போட்டிருக்கிறேனாம், அன்றைக்கு நான் செய்தது இன்றைக்கும் அவருக்குப் பிடிக்கவில்லையாம். ஆட்டோவில் வழி நெடுக அதே பாட்டு. வீட்டுக்குப் போய்ப் படுக்கச் சொல்வார் என்று நினைத்தேன். ஆட்டோக்காரரிடம் அவரே மார்க்கெட் வழி சொன்னார்.

மத்தியானத்துக்கு மேல் கடை திறந்தேன். ஷட்டரை அத்தை தூக்கினார்.